ஆறாவது கொம்பு

மாத்தளை மாவட்டத்தின் படத்தைக் கரும்பலகையில் வரையச் சொன்னால் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். முப்பது வருஷம் பூகோளம் படிப்பித்த கை இது. ஆனால் நான் பிறந்த இடத்தை அந்தப் படத்தில் ஒரு நாளும் குறித்ததில்லை. நில அளவைக்காரர்களின் பெரிய படத்திலும் அதற்குப் பெயர் கிடையாது. பச்சை பூசி, நடுவில் உயரத்தைக் காட்டும் ஓர் எண்ணைப் போட்டு, அத்தோடு கைகழுவிவிட்டார்கள். மாடு மேய்கிற மேட்டுக்குக்கூடப் பெயர் வைத்திருக்கிற நாடு இது. எங்களுக்கு வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. வரட்டும்.

வழி சொல்கிறேன். பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாழ்ப்பாண ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே நடக்க வேண்டும். முதல் கால் மணி நேரம் சிங்களக் கிராமம். வயல், பலாமரம், கிணறு, சின்னதாக ஒரு பன்சலை, புத்த கோயில். பிறகு ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தோட்டம் தொடங்குகிறது. அடிவாரத்தில் நிழலுக்குள் கொக்கோ, அதற்கு மேலே ரப்பர், உச்சியில் கொஞ்சம் தேயிலை. கொக்கோவும் ரப்பரும் சந்திக்கிற இடத்தில் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. லயத்துக்குப் பின்னால் லயத்தைவிடப் பெரிய கல் ஒன்று. மழை விட்டு வெயில் வந்தால் அதைப் பார்க்கக் கண் கூசும். அந்தக் கல்லின் அடியில் கொக்கோ பிடிக்காத ஒரு துண்டு நிலம் கிடந்தது. பயிருக்கு உதவாது என்பதால் வெள்ளைக்காரத் துரைமார் அதை எங்கள் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

மாத்தளை என்றதும் எல்லாரும் சீகிரியாவைச் சொல்வார்கள். ஒரு ராஜா கல்லின் மேல் ஏறி ஒளிந்துகொண்ட கதையை டிக்கட் போட்டுக் காட்டுகிறார்கள். தமிழர்களைத் தேடித் தாக்கிய எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் லயத்துச் சனம் முழுவதும் அந்தப் பெரிய கல்லின் மேல் ஏறி இரண்டு நாள் படுத்துக் கிடந்தது. பிள்ளைகள் அழாமலிருக்கக் கொக்கோப் பழத்தின் வெள்ளைச் சதையை வாயில் திணித்தார்கள். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. கல்லில் படம் எழுதி வைக்காமல் இறங்கி வந்துவிட்டோம், அதுதான் எங்கள் குற்றம்போல.

எங்கள் இடத்தின் சரித்திரத்தை நான் அப்பாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் கோப்பி இருந்ததாம். அது சீக்கு வந்து செத்ததாம். பிறகு கொக்கோ வந்ததாம். "நம்ம ஆளுங்க எப்ப வந்தாங்கப்பா?" என்றால், "கோப்பியோட வந்தோம்" என்பார், ஏதோ ஒரே மூட்டையில் கட்டிக் கொண்டுவந்ததைப் போல. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை வரை நடந்து, அங்கிருந்து மாத்தளைக்கு வந்திருக்கிறார்கள். இப்போது பஸ்கள் பறக்கிற அதே ரோடுதான். காய்ச்சலிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். விழுந்த இடத்தில் ஓர் அடையாளம் வைக்க நேரமிருக்கவில்லை. அந்தக் குறைதான் பிறகு எங்கள் லயத்தில் ஒரு வழக்கமாக முளைத்ததோ என்று நினைப்பேன். இது என் ஊகம். எந்தக் கடதாசியிலும் இல்லை.

வழக்கம் இதுதான். பெரியவர்கள் செத்தால் மண்ணைக் குவித்துச் சுற்றி நாலு கல்லை வைப்பார்கள். இரண்டு மழையில் அது தரையோடு தரையாகிவிடும். பிள்ளைகள் செத்தால் மட்டும், கல்யாணப் பந்தலுக்கு நடுகிற முள்முருக்குக் கொம்பை வெட்டிவந்து தலைமாட்டில் நடுவார்கள். கல்யாணம் காணாமல் போன பிள்ளைக்கு அதுவாவது இருக்கட்டும் என்று. முள்முருக்கு எங்கே குத்தினாலும் பிடித்துக்கொள்ளும். ஒரு மாதத்தில் துளிர்க்கும், சில வருஷத்தில் மரமாகும். பங்குனியில் இலையெல்லாம் கொட்டிச் சிவப்பாகப் பூக்கும். அப்போது லயத்துப் பெண்கள் தூரத்தில் நின்று பார்த்து, "புள்ள பூத்துருச்சு" என்பார்கள்.

மாத்தளைப் பக்கத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிடவும் இதே முள்முருக்கைத்தான் நடுகிறார்கள். இது எங்கள் பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. சுடுகாட்டில் வந்து யார் மிளகு போடப் போகிறார்கள் என்று இருந்துவிட்டார்கள்.

என் தம்பி எழுபத்து நான்கில் செத்தான். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஒன்றரை. அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினால் இன்றைய பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள். மாவு இல்லை, பாண் இல்லை. மரவள்ளிக் கிழங்கும் தீர்ந்தபோது மரவள்ளி இலையை அவித்துத் தின்றோம். கொக்கோ விளைகிற தோட்டத்தில் இருந்துகொண்டு, சாக்லேட் என்றால் என்னவென்று தெரியாமல் பட்டினி கிடந்தோம். தம்பிக்கு முதலில் வயிறு போனது. பிறகு கால் வீங்கியது. பிறகு அவன் அழுவதை நிறுத்தினான். அவன் அழுவதை நிறுத்தியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நாளெல்லாம் இடுப்பில் கிடந்து நச்சரித்தவன் ஓய்ந்தானே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் சனத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அம்மா காம்பரா வாசலோடு, எங்கள் லயத்து அறை வாசலோடு, நின்றுகொண்டாள். அப்பா அவனைப் பழைய வேட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். புதைத்துக் கொம்பை நட்டவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பது முறை. அப்பா முறை தவறாதவர். திரும்பிப் பார்க்கவில்லை, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவும் இல்லை.

நாலாம் நாள் அம்மா என்னைக் கொக்கோ மரத்தடிக்குக் கூப்பிட்டு ஒரு பால்டின்னைக் கையில் கொடுத்தாள்.

"நீ இன்னும் சின்னப் புள்ளதான, நீ போகலாம். போயி அந்தக் கொம்புக்குத் தண்ணி ஊத்திட்டு வா. காஞ்சிறக் கூடாது. அப்பாகிட்டச் சொல்லாத."

போனேன். புது மண், புதுக் கொம்பு, தேடவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் கொம்புகள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. பெரிய கல்லிலிருந்து எண்ணினால் தம்பியுடையது ஆறாவது. அடையாளத்துக்கு அம்மாவின் சேலைக் கரையில் கிழித்த துண்டு ஒன்றைக் கட்டினேன். அந்த வருஷத்திலேயே ஏழாவதும் எட்டாவதும் ஒன்பதாவதும் வந்தன. நான் போகும்போதெல்லாம் அவற்றுக்கும் ஒரு வாய் ஊற்றுவேன். வந்ததும் அம்மா கேட்பாள், "எத்தன எல விட்டிருக்கு?" எண்ணிக்கொண்டுதான் வர வேண்டும். எண்ணாமல் வந்த நாளில் திரும்ப அனுப்பியிருக்கிறாள். பூகோளம் படிக்காதவள், ஆனால் இடத்தைக் காலால் நடந்துபோய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கியது அவள்தான்.

பன்னிரண்டு வயதில் நான் பெரியபிள்ளையானேன். அதோடு சுடுகாட்டுக்குப் போவது நின்றது. மரம் என் தலைக்கு மேலே போயிருந்தது, இனித் தண்ணீர் தேவையில்லை என்று அம்மாவும் தேற்றிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் தோட்டத்தை எடுத்தது. ஓடையை ஒட்டிய கீழ்ப்பக்கத்தையும் கல்லடி நிலத்தையும் துண்டு துண்டாக அளந்து கிராமத்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சங்கிலி பிடித்து அளக்க வந்தவர்களின் கண்ணுக்கு எங்கள் சுடுகாடு சுடுகாடாகத் தெரியவில்லை. கல்லறை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வரிசையாக முள்முருக்கு நின்றது. மிளகுக்கு ஆயத்தப்படுத்திய நிலம் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரைக் குறை சொல்வது? நாங்களே அப்படி நட்டு வைத்திருந்தோம்.

அந்தத் துண்டு ஓடைக்கு அப்பால் குடியிருந்த ஒருவருக்குப் போனது. அவர் பட்டுப்போன கொம்புகளைப் பிடுங்கி, இடைவெளியில் புதுக் கொம்புகளை ஊன்றி, எல்லாவற்றிலும் மிளகை ஏற்றினார். எங்கள் ஆட்கள் யாராவது போய்ச் சொல்லியிருக்கலாம். எழுபத்தேழுக்குப் பிறகு ஓடையைத் தாண்டிப் போய் எதையும் சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. செத்தவர்களை மேலே ரப்பருக்குள் கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினோம். அந்த மிளகுத் தோட்டக்காரர் மேல் எனக்கு நெடுநாள் ஆத்திரம் இருந்தது. முகம்கூடத் தெரியாத ஆளை மனதுக்குள் வைத்து வைதுகொண்டே வளர்ந்தேன்.

பஞ்சத்தின்போது அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார். கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயமும் கடிதமுமாகப் பத்து வருஷம் இழுபட்டது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் மாத்தளை டவுன் எரிந்த பிறகு எல்லாம் ஒரேயடியாகக் கூடி வந்தது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் கப்பலுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதில் அப்பா பெயரும் அம்மா பெயரும் மட்டும் இருந்தன. எனக்கு வயது வந்துவிட்டதால் தனியாக எழுதிக் கேட்க வேண்டுமாம். உக்குவளையில் அத்தை வீட்டில் தங்கி உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டு, அடுத்த கப்பலில் நான் போய்ச் சேர்வது என்று முடிவு செய்தார்கள்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் அம்மா பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் எங்க படுத்திருக்கான்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன். பொறகு எங்க வேணாக் கூப்புடுங்க."

"பொம்பளைங்க போற எடமா அது?" என்றார் அப்பா.

"அது இப்ப மொளகுத் தோட்டந்தான. சுடுகாடா இருந்தாத்தான போகக் கூடாது. நீங்க வந்து காட்டுங்க."

அப்பா தரையைப் பார்த்தார். "எனக்கு எப்புடித் தெரியும்? நட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்தவன் நான். இவதான தண்ணி ஊத்துனா. இவளுக்குத் தெரியும்."

அம்மா தண்ணீர் ஊற்றச் சொன்ன ரகசியம் அவருக்கு அத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறது. அதற்குச் சிரிக்கக்கூட எங்களுக்கு நேரமிருக்கவில்லை. அம்மாவும் நானும் இறங்கிப் போனோம்.

தோட்டத்தில் அவர் இருந்தார். நான் மனதுக்குள் வைத்து வைத பூதம், சாரத்தை மடித்துக் கட்டிய ஒல்லி மனிதர். கையில் மன்னாக்கத்தி. என் வயதை ஒத்த அவருடைய மகன் ஏணியில் நின்று கிளை வெட்டிக்கொண்டிருந்தான். நான் சிங்களத்தில், ஒரு மரத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "பாருங்கள், பாம்பு இருக்கும், கவனம்" என்றார்.

பெரிய கல்லில் கையை வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் நின்றுவிட்டேன். எது எங்கள் கொம்பு, எது அவர் ஊன்றியது? எல்லாம் ஒரே பருமன். எல்லாவற்றின் தலையையும் ஒரே உயரத்தில் வெட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் மிளகு இடுப்பு தெரியாமல் சுற்றியிருந்தது. சேலைத் துண்டு எப்போதோ மக்கிப்போயிருக்கும். திரும்பப் போய்க் கல்லிலிருந்து எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

"எதுடி?" என்றாள் அம்மா.

தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். மறுநாள் ரயில். ஒரு மரத்தைக் காட்டினேன். கொஞ்சம் வளைந்து, மற்றதைவிட இளைத்து நின்ற மரம். தம்பி இளைத்தவன், அதனால் கை அங்கே போயிற்று என்று நினைக்கிறேன்.

அம்மா போய் அதை மிளகுக் கொடியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். முள் குத்தியிருக்கும், விடவில்லை. பிறகு குனிந்து வேரடி மண்ணை விரலால் தோண்டினாள். தரை இறுகிப்போயிருந்தது. ஏணியிலிருந்த மகன் இறங்கிவந்து ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொடுத்தான். அம்மா அதனால் சுரண்டி, அதிலேயே மண்ணை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த மனிதர் என்னிடம் கேட்டார், "இங்கே யார்?"

"என் தம்பி" என்றேன்.

அவர் வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். நாங்கள் லயத்துக்கு ஏறும் வரைக்கும் அவர் அதை எடுக்கவில்லை.

மாத்தளை ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கிளம்புகிற எல்லா ரயிலும் ஒரே திசையில்தான் போக வேண்டும். அம்மா சன்னலோரம் உட்கார்ந்து, துணியில் கட்டிய சிரட்டையை மடியில் வைத்திருந்தாள். "பரீச்ச முடிஞ்ச ஒடனே வந்துரு" என்றாள். அந்த வருஷமே தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. சண்டை வலுத்தது. பிரஜாவுரிமைக் கடதாசி ஒன்றும் இல்லாத என்னைக் கூப்பிட அந்தக் கரையிலும் ஆள் இல்லை, அனுப்பிவைக்க இந்தக் கரையிலும் ஆள் இல்லை. என் கையில் ஒரு பாஸ்போர்ட் வந்து சேர்ந்தபோது அம்மா உயிரோடு இல்லை. அந்த ரயில் சன்னலில் பார்த்ததுதான் கடைசி.

அவர்கள் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மூன்றாம் வருஷம் அப்பா குளிர் தாங்காமல் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பெண் அவள் சொல்லச் சொல்ல எழுதி அனுப்பினாள். அங்கே தங்களைச் சிலோன்காரர்கள் என்கிறார்கள் என்று ஒரு கடிதத்தில் இருந்தது. இங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். ஒவ்வொரு பங்குனியிலும் ஒரு கேள்வி மறக்காமல் வரும். "தம்பி பூத்துட்டானா?"

பூத்திருக்கிறான் அம்மா, என்று எழுதினேன். தலையை வெட்டிய முள்முருக்கு பூக்காது. மிளகு மரத்தை வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வெட்டுவார்கள். அது எனக்குத் தெரியும். இருந்தும் பூத்தது என்று எழுதினேன். அடுத்த வருஷம் கிளி வந்ததாக எழுதினேன். அதற்கடுத்த வருஷம் பூ விழுந்து தரையெல்லாம் சிவப்பு என்று எழுதினேன். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொய்யை நட்டுவிட்டு, அதற்கு வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை.

பிறகு எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் வந்தன. இந்தத் தடவை, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளர்ந்தார்கள் என்று பட்டாளம் வேட்டையாடிய சிங்களப் பிள்ளைகள். மாத்தளையில் பிள்ளை பெற்றிருந்த எந்தத் தாயும் அந்த இரண்டு வருஷம் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை. பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரத்தைப் பார்க்காதே என்று முன்பின் தெரியாதவர்கள்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் லயத்தார் கல்லின் மேல் ஏறிப் படுத்த காலம் போய், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வந்து எங்கள் லயத்து அட்டாலில், கூரைக்கடிப் பரணில், ஒளிந்தார்கள். சிலரை ஒளித்து வைத்தார்கள். சிலரை வைக்கப் பயந்தார்கள். நான் அப்போது அங்கே இல்லை. இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அந்தக் காலம் ஓய்கிற நேரத்தில் சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரஜாவுரிமை எடுத்து, நான் டீச்சரானேன். தொண்ணூற்றொன்றில் அம்மாவின் கடிதத்தில் கேள்வியோடு ஒரு வேலையும் வந்தது. "அந்த மரத்துல ஒரு எலயப் பிச்சி கடுதாசியில வச்சு அனுப்பு. தொட்டுப் பாத்துக்கிறேன்."

முள்முருக்கு இலை உக்குவளையில் வேலிக்கு வேலி இருக்கிறது. பிடுங்கி வைத்திருந்தால் அவளுக்குத் தெரியப் போவதில்லை. அவ்வளவு தூரத்துக்கு எனக்கு மனம் துணியவில்லை. பாடசாலை விடுமுறையில் பலாபத்வலைக்குப் பஸ் ஏறினேன்.

அவர் மிளகுத் தோட்டத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷத்தில் ஒரு மனிதர் அவ்வளவு கிழடாக முடியாது. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"சிரட்டையில் மண் கொண்டுபோன அக்காவின் மகள்தானே? அம்மா சுகமா?"

"சுகம் மாமா. உங்கள் மகன் எங்கே?" என்றேன். மரியாதைக்குக் கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தத் தோட்டத்தில் ஏணி இல்லாததைக் கவனித்தேன்.

எண்பத்தொன்பதில் பட்டப்பகலில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்களாம். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். அவர் மகனின் படத்தை எடுத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போயிருக்கிறார். இங்கே இல்லை என்றார்கள். அங்கேயும் இல்லை என்றார்கள். செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆள் இல்லை. ஏழாம் நாள் தானம் கொடுக்க வீட்டுக்காரி விடவில்லை, கொடுத்தால் செத்தவனாகிவிடுவானே என்று. மனிதர் அழாமல்தான் சொன்னார். நான்தான் அழுதேன்.

பிறகு அவர் எழுந்து என்னிடம் கேட்டார், "மகள், உன் தம்பியின் மரம் எது? அன்றைக்கு நான் அடையாளம் வைக்காமல் விட்டுவிட்டேன். சொன்னால் அதை மட்டும் வெட்டாமல் வைக்கிறேன். மிளகையும் இறக்கிவிடுகிறேன்."

வளைந்த மரம் எதிரில் நின்றது. சுலபமாகக் காட்டியிருக்கலாம். பிள்ளையைத் தேடி அலைந்து இடம் கிடைக்காமல் வந்து நிற்கிற மனிதரிடம் ஒரு பொய்யான இடத்தைக் காட்ட என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது மாமா" என்றேன். "அன்றைக்கும் தெரியாது. அம்மாவுக்காக ஏதோ ஒன்றைக் காட்டினேன். கல்லிலிருந்து ஆறாவதாக இருந்தது. நீங்கள் இடையில் ஊன்றிய பிறகு எது ஆறாவது என்று தெரியவில்லை."

அவர் வரிசையோடு நடந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தான் ஊன்றியது எது, எங்களுடையது எது என்று அவருக்கும் நினைவில்லை.

"அப்படியானால் இந்த வரிசையில் ஒன்றையும் வெட்டுவதில்லை" என்றார்.

அந்த வரிசைதான் அவருக்கு நன்றாகக் காய்க்கிற வரிசை. நிழல் அடைத்தால் மிளகு போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். கையை ஆட்டிவிட்டார். நான் இலை எதையும் பிடுங்காமல் திரும்பினேன். அம்மாவுக்கு, இலை அனுப்பினால் வழியில் காய்ந்துவிடும் என்று எழுதினேன். அதுதான் நான் அவளுக்கு எழுதிய கடைசிப் பொய்.

முதல் வருஷம் பூக்கவில்லை. அடுத்த பங்குனியில் போனேன். ஓடையைத் தாண்டும்போதே தெரிந்தது. கல்லடியில் வரிசை முழுக்க, ஓர் இலைகூட இல்லாமல், ஒரே சிவப்பு. என் ஆயுசில் அந்த வரிசையை அப்படி நான் பார்த்ததே இல்லை. நான் போய்வந்த காலத்தில் தம்பியின் மரமும் அதற்குப் பின்னால் வந்தவையும் பூக்கிற பருவத்துக்கு வந்திருக்கவில்லை. அந்தப் பஞ்சத்துப் பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் பூத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து, பரீட்சை எழுதுகிறவளைப் போல ஒரே மூச்சில் அம்மாவுக்கு எழுதினேன். அன்றைக்கு நான் காட்டிய மரம் எதுவென்று எனக்கே தெரியாது, இத்தனை வருஷமும் எழுதியது பொய், ஆனால் இப்போது வரிசை முழுவதும் பூத்திருக்கிறது, இது சத்தியம், மன்னித்துக்கொள் என்று எழுதினேன். அந்த வீட்டு மகனைப் பற்றி எழுதவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

பதில் வர இரண்டு மாதமானது. அந்த இரண்டு மாதமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் வாசலுக்குப் போய்விடுவேன். வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மிளகுத் தோட்டத்துக்குப் போனேன். மரத்தை வெட்டாமல் வைத்தவருக்கு அதைக் கேட்கிற உரிமை இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் தமிழில் வாசித்து, வரி வரியாகச் சிங்களத்தில் சொன்னேன்.

"நீ காட்டினப்பவே ஒம் மொகத்தப் பாத்தேன். தெரியலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். மறுநா ரயிலு, கேட்டு என்னத்துக்குன்னு விட்டுட்டேன். கட்டிப்புடிக்க ஒரு மரம் குடுத்தியே, அது போதும். இப்ப எல்லா மரமும் பூத்துச்சுன்னு எழுதியிருக்க. எல்லாம் பூத்துச்சுன்னா அவனும் பூத்திருப்பான்ல."

அவர் தலையை ஆட்டினார். அந்தக் கடைசி வரியை மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். நான் கடிதத்தை மடிக்கும்போது அவர் கண் அதிலேயே இருந்தது.

"இன்னும் எழுதியிருக்கிறதே?"

இருந்தது. அதை வாசிக்காமல் விடத்தான் நினைத்திருந்தேன். ஆனால் இனிப் பொய் சொல்வதில்லை என்று அந்தக் கடிதத்துக்காகவே முடிவெடுத்தவள் நான். வாசித்தேன்.

"செரட்ட குடுத்த தம்பி நல்லா இருக்கானா? நான் கேட்டதாச் சொல்லு. கல்யாணங் காச்சி ஆயிருச்சா?"

சிங்களத்தில் சொல்லி முடித்ததும் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு அவர் துண்டை எடுத்துவிட்டு, சாதாரணமாக, ஒரு தோட்ட வேலையைப் பற்றி விசாரிப்பதைப் போலவே கேட்டார்.

"அவனுக்கும் ஒரு கொம்பு நட வேண்டும், மகள். நீ டீச்சர், இடமெல்லாம் தெரிந்தவள். எங்கே நடுவது என்று சொல்."

மாவட்டம் முழுவதும் என் கண் முன்னால் வந்து நின்றது. ரோடு, ஓடை, ரயில் பாதை, மலை, எல்லாம் அதனதன் இடத்தில். ஒரு தடவை அம்மாவுக்கு ஏதோ ஒரு மரத்தைக் காட்டிய கை என் மடியில்தான் இருந்தது. இந்தத் தடவை அது எழவில்லை.